எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று கேமராக்கள்

என் கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு மூன்று முறை ஆவணப்படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். எல்லோரும் வந்தது ஒரே விபத்துக்காகத்தான். ஆனால் மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிற ஒருவர், அவற்றில் வருவது ஒரே பெண் என்று சொன்னால் நம்புவது சந்தேகம். எனக்கே சில சமயம் அப்படித்தான் இருக்கிறது.

என் கணவர் செட்டிகுளம் பக்கத்துத் தோட்டங்களில் சின்ன வெங்காயம் வாங்கி அரியலூர்க் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று கடைக்காரர்களைப் பார்த்துவிட்டு டூவீலரில் பெரம்பலூர் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி மோதியது. எனக்கு அரியலூரிலேயே ஒரு டைப்பிங் சென்டரில் வேலை. கலெக்டர் ஆபீசுக்குக் கொடுக்கும் மனுக்கள், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் அடித்துக் கொடுப்போம். போன் வந்தபோது ஒரு பெரியவரின் பட்டா மாறுதல் மனுவை அடித்துக்கொண்டிருந்தேன். அதை முடித்து, பிழை பார்த்து, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. மனு பாதியில் நின்றது, முடித்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

சாவு வீட்டில் நான் அழவில்லை. வந்த பெண்களில் ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடு புள்ள, உள்ளயே வச்சிக்காத" என்றாள். அழுகை உள்ளே இருந்தால்தானே வெளியே எடுக்க முடியும். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினேன். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும் இருந்தோம். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை காலையில் அழுவார், சாயங்காலம் அழுவார், நடுவில் என்னைச் சாப்பிடச் சொல்வார். எனக்கு மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. வலி இல்லை. கால் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் வந்தவர் லாரி விபத்துகளை எதிர்த்துக் கூட்டம் போடுகிற ஓர் அமைப்பைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும். நல்ல கட்டையான குரல். பந்தலில் மைக் இல்லாமல் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். இரண்டு கேமராக்காரர்களையும் ஒரு ட்ரோனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ட்ரோன் எங்கள் வீட்டுக்கு மேலே ஏறியபோது அத்தை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். "தும்பி கணக்கா போவுது பாரு" என்றார்.

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் என்னங்க சொல்லணும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் கையில் எழுதி முடித்த தாள்கள் இருந்தன. படத்தில் என்னென்ன பேச வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எழுதிவிட்டார். அந்த வார்த்தைகளுக்குப் பொருத்தமான காட்சிகள்தான் அவருக்கு வேண்டியிருந்தன. என்னை வாசலில் நிற்கச் சொன்னார். சாலையைப் பார்க்கச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த என் கணவர் போட்டோவுக்குக் கீழே நிற்கச் சொன்னார். பிறகு, "நீங்க தினமும் செய்யிற வேலையைச் செய்யுங்கம்மா, நாங்க எடுத்துக்கிறோம்" என்றார்.

என் கணவர் கடைசியாக வாங்கிப் போட்ட வெங்காய மூட்டைகள் அப்போதும் வீட்டில் கிடந்தன. யாரும் எடுத்துப்போக வரவில்லை. முளைவிட ஆரம்பித்துவிட்டது. நானும் அத்தையும் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, முளைத்த தாளைக் கிள்ளி, அழுகலை அரிந்து எறிந்து, நல்லதைத் தனியாகக் கொட்டிக்கொண்டிருந்தோம். சின்ன வெங்காயத்தின் காரம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மூடிய அறையில் அழுகலும் சேர்ந்தால் கண்ணைத் திறக்க முடியாது. கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்தப் படத்தை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். ஊர்ஊராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து எடுத்த சுண்ணாம்புச் சுரங்கம் வெள்ளையாக, பெரிய கிண்ணம் போல விரிந்தது. வரிசையாக லாரிகள். அப்புறம் என் முகம். கன்னத்தில் நீர் ஓடுகிறது. அந்தக் கட்டையான குரல், இந்தக் கண்கள் இன்னும் காயவில்லை, காயப்போவதும் இல்லை என்றது. பின்னால் புல்லாங்குழல். மண்டபம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்பின் தெரியாத பெண்கள் இருட்டில் கையை நீட்டி என் கையைத் தடவினார்கள்.

நான் திரையில் என் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பக்கம் சொத்தையாக இருந்தது. படத்தில் இருந்தவள் அதைக் கவனிக்காமல் நல்லதோடு போட்டுவிட்டாள்.

அந்தப் படத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதைக் காட்டிய பிறகுதான் எங்கள் சாலையில் இரண்டு வளைவுகளில் வேகத்தடை போட்டார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லாரி வரக் கூடாது என்றார்கள். கொஞ்ச நாள் வராமலும் இருந்தன. அத்தைக்கு அந்தப் படம் உயிர். மதியம் சாப்பிட்டு முடித்ததும், "அந்தப் படத்தைப் போடு" என்பார். போனில் போட்டுக் கொடுப்பேன். மகனின் போட்டோ மெல்லமெல்லப் பெரிதாகி வரும் இடத்தில் போனை மார்போடு வைத்துக்கொள்வார். குரல் மட்டும் உள்ளேயிருந்து பேசிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வந்தது ஒரு பையன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் முப்பதை நெருங்கியவர். சினிமா படிப்பு படித்தவர். முதல் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி டைப்பிங் சென்டருக்கே வந்தார். ஒரே ஒரு கேமரா, ஒரு மைக். பெரம்பலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார்.

"நான் எதுவும் கேக்க மாட்டேன்கா. நான் இல்லைன்னே நெனச்சுக்குங்க. நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார்.

"எதைப் பத்திப் படம்?"

"அது எனக்கும் இன்னும் தெரியாது."

மறுநாள் காலையில் வந்து சமையலறை வாசலில் கேமராவை வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். பேசவே இல்லை. நான் பேசினாலும் பதில் இல்லை. தலையை மட்டும் ஆட்டுவார். நான் பஸ்ஸில் போனால் பின் சீட்டில் வருவார். டைப்பிங் சென்டரில் மூலையில் நிற்பார். என் முதலாளி முதல் நாள் தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார், மூன்றாவது நாளில் மறந்துபோய் வழக்கம் போல மூக்கைக் குடைந்தார்.

எனக்கு அது சிரமமாக இல்லை. அந்த நாட்களில் என்னிடம் யாரும் எதுவும் கேட்காமல் பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். அத்தைக்குத்தான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் ஒன்றும் சாப்பிடாமல் நிற்பது அவருக்கு மானப் பிரச்சினை.

"தம்பி, காபி ஆறிப்போவுதுப்பா."

பதில் இல்லை.

"ஏன் புள்ள, இதுக்குக் காது கேக்காதா?"

"கேமரா ஓடுதுத்தே. ஓடும்போது பேச மாட்டாராம்."

"ஓடுனா ஓடட்டும். வாயி என்ன பண்ணுது, குடிக்க வேண்டியதுதானே?"

இந்தப் பேச்சு முழுவதும் படத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அத்தை அலசிய சேலையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. அந்தப் பிள்ளை கேமராவை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் என்ன செய்தேன் என்பது நினைவில் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எலும்பு முறியவில்லை, பிசகுதான் என்றார்கள். நானும் தூக்கியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே காட்டுவதற்கு முன்னால் எங்களிடம் காட்ட வேண்டும் என்றார். அந்தப் படத்தில் குரல் இல்லை, பாட்டு இல்லை, யாரும் கேமராவைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் சாதம் வடிக்கிறேன். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்திருக்கிறேன். தட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு அந்தக் காட்சி வந்தது.

அத்தை விழுகிறார். நான் நிற்கிறேன். வெறுமனே நிற்கிறேன். விழுந்தவரைப் பார்க்கிறேன். பிறகு திரும்பிப் போய், திறந்திருந்த குழாயை மூடுகிறேன். நன்றாகத் திருகி மூடுகிறேன். அதற்குள் அவர் ஓரத்திலிருந்து ஓடிவந்து அத்தையைத் தூக்கிவிட்டார்.

லேப்டாப்பை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, இது இருக்கலாமா? வேணாம்னா எடுத்துடறேன்."

"நடந்ததுதானே. இருக்கட்டும்."

என் குரல் சாதாரணமாக இருந்தது. திரையில் இருந்தவளை எனக்குத் தெரியும், ஆனால் நெருங்கிய பழக்கம் இல்லை என்பது போல இருந்தது. பக்கத்திலிருந்த அத்தைதான் சத்தம் போட்டார்.

"அடப்பாவி, குழாய மூடுன்னு நான்தானே கத்துனேன்! தண்ணி பாட்டுக்குப் போவுது, நான் கீழ கெடக்கேன், மொதல்ல அதை மூடு புள்ளன்னு சொன்னேன். அது எங்க இதுல?"

அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சத்தத்தைக் கூட்டினார். மோட்டார் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு குரல் இருக்கிறது, வார்த்தை தெரியவில்லை என்றார். நானும் கேட்டேன். "ஆ" என்று வலியில் கத்துவதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

"நான் சொன்னேன்னு எழுதிப் போடு" என்றார் அத்தை.

"கேக்கறதைத்தாம்மா போட முடியும். எழுதிக் காட்டினா அது இந்தப் படம் இல்லம்மா."

"அப்ப எம் மருமவள நாலு பேரு என்னான்னு நெனப்பாங்க?"

கேமரா ஓடாதபோதும் அவருக்குப் பேச்சு வராது போலிருந்தது. படத்தை எங்கெங்கோ காட்டினார். ஒரு வெளியூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் அமைதி பயமுறுத்துகிறது என்று எழுதியிருந்ததை எனக்கு அனுப்பியும் வைத்தார். அத்தை நிஜமாகவே குழாயை மூடச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சத்தியம் செய்வார். அதனால் கேட்கவில்லை.

அதே வருடம் ஒரு கல்லூரி மாணவி தன் ப்ராஜெக்ட்டை டைப் செய்யக் கொண்டுவந்தாள். தலைப்பு, ஆவணப்படங்களின் பாணிகள். அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு குரல் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, பார்ப்பவர் எதை நம்ப வேண்டும் என்று காட்டுவது விளக்கும் பாணி. குறுக்கிடாமல் தள்ளி நின்று பார்ப்பது உற்றுநோக்கும் பாணி. எடுப்பவரே உள்ளே வந்து கேட்டு, பேசி, நடப்பதை மாற்றுவது பங்கேற்கும் பாணி. இன்னும் சில இருந்தன. விரல்கள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நம் வீட்டுக்கு இரண்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் அவசரமாக பைண்டிங் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வந்தவர் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். கேமராவைப் பிடிக்க இன்னொரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். வந்த அன்றைக்கே அத்தையோடு தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தார். இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தைக்கு நிம்மதியாகிவிட்டது.

"நான் ஒளிஞ்சுக்க மாட்டேன். படத்துல நானும் இருப்பேன். எங்க அப்பாவும் ரோட்டுலதான் போனாரு. எனக்கு அப்ப பத்து வயசு. அதனாலதான் இதை எடுக்கறேன். அதைச் சொல்லாம உங்ககிட்ட கேள்வி கேக்கறது நியாயம் இல்லை" என்றார்.

அவர் நிறையக் கேட்டார். கேட்டதைவிட அதிகமாகத் தன்னைப் பற்றிச் சொன்னார். ஒரு நாள் முதல் இரண்டு படங்களையும் எனக்குப் போட்டுக் காட்டி, நான் அவற்றைப் பார்ப்பதைப் படம் பிடித்தார். "உங்களுக்கு இதுல எது உண்மைன்னு தோணுது?" என்று கேட்டார். "ரெண்டும் எங்க வூடுதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். லாரி ஓட்டியவரைக் கண்டுபிடித்துவிட்டாராம். கேஸ் அதற்குள் முடிந்திருந்தது. அந்த ஆள் லாரியை விட்டுவிட்டு ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறாராம். நானும் அவரும் நேரில் பேச முடியுமா?

"அவரு வரேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப சரி."

"நல்லா யோசிச்சுட்டு சொல்லுங்க."

யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அத்தையிடம் சொன்னேன். அத்தை, "நான் வரல. நீ போறதுன்னா போ" என்றார்.

சிறுவாச்சூர்க் கோவில் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்காருவதாக ஏற்பாடு. திங்களும் வெள்ளியும்தான் அங்கே கோவில் நடை திறந்து கூட்டம் இருக்கும். நாங்கள் போனது புதன்கிழமை. கடைகள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. அந்த ஆள் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். என் கணவர் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோர்ட்டில் பார்த்த அதே சட்டை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

டைரக்டர் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில், முக்கோணமாக உட்கார்ந்தார்.

"இவரைப் பார்க்கறப்ப உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒண்ணும் தோணலைங்க."

"கோபம்?"

"இல்லைங்க. இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது."

அவர் அந்த ஆள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"நான் என்னங்க சொல்றது. நீங்க என்ன சொல்லச் சொன்னாலும் சொல்றேன்" என்றார்.

அந்தப் பதிலில் டைரக்டர் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தையில சொல்ல முடியுமா? கஷ்டம்னா வேணாம்" என்றார்.

அந்த ஆள் குனிந்து மண்ணில் விரலால் ஒரு கோடு இழுத்தார். இன்னொரு கோடு இழுத்தார். சாலை வந்தது. தன் வலது கால் செருப்பைக் கழற்றி ஒரு பக்கத்தில் வைத்தார். "இது என் வண்டிங்க." ஒரு கல்லை எடுத்து வைத்தார். "இது முன்னால நின்ன டவுன் பஸ்ஸு. ஆள் எறக்கிக்கிட்டிருந்துச்சு. நான் இப்படி ஒடிச்சு ஏறுனேன்." செருப்பை நகர்த்திக் காட்டினார். பிறகு எதிர்ப் பக்கம் வைப்பதற்கு எதையோ தேடினார். ஒரு வேப்பங்குச்சியை எடுத்தார். அதைக் கீழே போட்டார். ஒரு பாட்டில் மூடியை எடுத்தார். அதையும் கையிலேயே வைத்துக்கொண்டார். கை அந்தரத்தில் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இல்லை. வைக்க முடியவில்லை.

அப்போது டைரக்டர் அம்மா அழ ஆரம்பித்தார். மெதுவாக ஆரம்பித்து, வாயைப் பொத்தினாலும் அடங்காமல், உடம்பு குலுங்க அழுதார். கேமரா பிடித்த பெண் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள், கேமராவை இறக்கவில்லை. நானும் அந்த ஆளும் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.

"தண்ணி வாங்கிட்டு வரவாக்கா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"சோடா கெடச்சா பாருங்கண்ணே" என்றேன். அண்ணே என்று வாயில் தானாக வந்துவிட்டது.

அவர் ஒற்றைச் செருப்போடு சாலையைத் தாண்டி ஓடினார். நான் அந்த அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "எங்கப்பா, எங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதுகு சூடாக இருந்தது. அழுகிறவர்களின் முதுகு அவ்வளவு சூடாக இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

படப்பிடிப்பு அதோடு முடிந்தது. வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று டைரக்டர் அம்மா சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன். பெரம்பலூர் டவுன் பஸ் வந்தது. அந்த ஆளும் அதில்தான் ஏற வேண்டியிருந்தது. பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க" என்றேன்.

"இருக்கட்டும்க்கா."

கொஞ்ச தூரம் போன பிறகு குனிந்து, மெதுவான குரலில் சொன்னார். "மண்டபத்துல அந்தப் படம் போட்டாங்கல்ல, அன்னிக்கு நானும் வந்திருந்தேன். பின்னால நின்னு பார்த்தேன். நீங்க அழுவறதைப் பார்த்த பொறவு ஸ்டியரிங் புடிக்க முடியலக்கா. அப்பத்தான் வண்டிய விட்டேன்."

அவரிடம் எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அது வெங்காயம்ண்ணே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னாக்கா?"

"வெங்காயம் அரிஞ்சிக்கிட்டிருந்தேன். கண்ணு எரிஞ்சுது. நான் அழுவல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் முகத்தில் சுமை குறைந்ததா கூடியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து எனக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த ஆள் தன் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "அம்மா எப்படியிருக்காங்க?" என்று கேட்டார். இடுப்பு வலி இருக்கிறது என்றேன். அரியலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பேசியது எந்தப் படத்திலும் இல்லை. வீட்டுக்குப் போனதும் அத்தை, "என்ன சொன்னான்?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலத்தே. உங்களை விசாரிச்சாரு" என்றேன். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டைரக்டர் அம்மா ஆறு மாதம் கழித்துப் போன் செய்தார். படத்தில் தான் அதிகமாக இருப்பதாக இப்போது தோன்றுகிறதாம். சிறுவாச்சூரில் தான் அழுததை வைப்பதா எடுப்பதா என்று என்னிடம் கேட்டார். "அது உங்க அழுகைங்க. நீங்கதான் சொல்லணும்" என்றேன். பிறகு, நடுநடுவே ஒரு குரல் வேண்டியிருக்கிறது, தன் குரலை எடுத்துவிட்டு என் குரலை வைக்கலாமா, நானே எழுதிப் படிக்க முடியுமா என்றார்.

டைப்பிங் சென்டரில் மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதினேன். மற்றவர்களின் மனுவை எழுதிப் பழகிய கை. "ஐயா அவர்கள் சமூகத்திற்கு" என்று ஆரம்பித்து, அதை அழித்துவிட்டு, திரும்பவும் எழுதினேன். என் கணவர் பேசும்போது வலது காது மடலைத் தடவிக்கொண்டே பேசுவார் என்று எழுதினேன். பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுவார் என்று எழுதினேன். அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் அதை எழுதும் வரை நினைவு வந்ததில்லை.

குரலைப் பதிய எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். சவுண்ட் எடுப்பவர் ஜன்னலை எல்லாம் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தச் சொன்னார். சித்திரை மாத வெயில். உட்கார்ந்த இடத்திலேயே வேர்வை வழிந்தது. படிக்க ஆரம்பித்தால் வெளியே ஒரு ஹாரன். மறுபடியும் முதலிலிருந்து. காது மடல் வரிக்கு வரும்போதெல்லாம் ஏதோ ஒரு வண்டி போனது. நாலாவது தடவை எந்த வண்டியும் வரவில்லை, என் குரல்தான் நின்றது. அழுகை இல்லை. அத்தை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு மறுபடியும் படித்தேன். இந்த முறை நேராகப் படித்து முடித்தேன்.

"எதை வச்சுக்கறது?" என்று டைரக்டர் அம்மா கேட்டார். அவருக்கு எது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"நேராப் படிச்சதை வச்சுக்குங்க" என்றேன். அதையேதான் வைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது சவுண்ட் எடுப்பவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருக்கணும்மா. இந்த ரூமோட சத்தம் மட்டும் தனியா வேணும். எடிட்டிங்ல ரெண்டு வரிக்கு நடுவுல வைக்க."

"ரூமுக்கு ஏது சத்தம்?" என்றார் அத்தை.

"இருக்கும்மா. பேசாம இருந்தாத் தெரியும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டைரக்டர் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கோ பக்கத்து வீட்டில் குக்கர் சீறுவது கேட்டது. சாத்திய ஜன்னல் பலகை வெயிலில் லேசாகச் சடசடத்தது. அத்தையின் மூச்சு கேட்டது, என்னுடையதும் கேட்டது. என்னிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்காத ஒரு நிமிடம். நான் எதையும் நினைக்கவில்லை.

"ஓகேம்மா, போதும்" என்று அவர் ஹெட்போனைக் கழற்றினார். வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். நான் எழவில்லை.

"எழுந்திரு புள்ள, வெந்துபோயிடுவ" என்று சொல்லிவிட்டு, அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் ஃபேனைப் போட்டார்.